நெடுஞ்சாலை ஓரத்துப் பக்கச்சாலையை ஒருவழியாக்கலாமா? செபராங் பிறையிலிருந்து ஒரு கேள்வி

பிறைக்கரை (செவ்வாய், இரவு 9.40)

வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள செபராங் பிறையில், விரைவுச்சாலையை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். எங்கள் வீட்டு வரிசைக்கும் விரைவுச்சாலையின் தடுப்புக் கம்பிக்கும் நடுவே, நாம் எல்லாரும் சர்விஸ் ரோடு என்று சொல்லும் பக்கச்சாலை ஓடுகிறது. போக ஒரு தடம், வர ஒரு தடம், நடுவில் ஒரு வெள்ளைக்கோடு, அவ்வளவுதான். நான் குடிவந்தபோது அதன் ஓரம் செம்பனைத் தோட்டமாக இருந்தது. பழக்குலை ஏற்றிய லாரி எப்போதாவது போகும். மாலையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள். இன்று அதே சாலையில் மூன்று தாமான்களின் நுழைவாயில், ஒரு தமிழ்ப்பள்ளி, பெட்ரோல் நிலையம், அம்மன் கோயில், சூராவ் எனும் சிறு தொழுகைக்கூடம், டயர்க்கடை, உணவகங்கள், இரண்டு தொழிற்சாலைகளின் வாசல் என எல்லாம் வந்துவிட்டன. சாலையின் அகலம் மட்டும் அன்றிருந்ததே இன்றும் இருக்கிறது.

சென்ற வாரம் குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில், இந்தச் சாலையை ஒருவழியாக்கும் யோசனை பரிசீலனையில் இருப்பதாகவும், குடியிருப்பாளர்களின் கருத்தை எழுத்தில் கேட்கப் போவதாகவும் சொன்னார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கடந்த ஓராண்டில் விரைவுச்சாலையின் இறங்குதடம் வந்து சேரும் இடத்தில் மூன்று விபத்துகளை நானே பார்த்திருக்கிறேன்; அவற்றில் ஒன்றில் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காலெலும்பு முறிந்தது. ஆகவே மாற்றம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த மாற்றம்தான் வேண்டுமா, அதனால் யார் எவ்வளவு சுற்ற வேண்டியிருக்கும், வேறு ஊர்களில் இதைச் செய்தபோது எதை முதலில் செய்தார்கள் என்பவை எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால், கருத்துக் கடிதத்தை உணர்ச்சியால் எழுதாமல் விவரத்தோடு எழுதலாம்.

கோடும் அளவும் (செவ்வாய், இரவு 11.15)

சாலை வடிவமைப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். அதில் ஒன்பது ஆண்டுகள் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில். இந்தப் பொருளைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை, ஏனெனில் அமெரிக்காவிலேயே விரைவுச்சாலைகளின் இருபுறமும் பக்கச்சாலை போடுவதை வழக்கமாகவே வைத்துக்கொண்ட மாநிலம் அதுதான். ஹூஸ்டன் மக்கள் அதைப் 'பீடர்' என்பார்கள். அங்குள்ள கல்ஃப் பிரீவே என்ற விரைவுச்சாலையின் முதற்பகுதி 1948இல் திறக்கப்பட்டது. விரைவுச்சாலை ஒன்று நிலத்தின் முகப்பில் ஓடினால், நிலக்காரர் சாலையை அணுகும் உரிமையை இழக்கிறார். அதற்கு இழப்பீடு கொடுக்க வேண்டும். அந்த இழப்பீட்டைவிடப் பக்கத்தில் ஒரு சாலை போட்டுக் கொடுப்பது அரசுக்கு மலிவாக இருந்தது. நிலக்காரருக்கும் கடைமுகப்பு கிடைத்தது. அப்படித்தான் அந்த வழக்கம் வேரூன்றியது.

ஊர்ப்புறத்தில் அவர்களும் பக்கச்சாலையை இருவழியாகவே விட்டார்கள். பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவே நாளைக்குப் பத்து வண்டி போகும் சாலைக்கு அது போதும். ஊர் வளர்ந்து கடைகளும் வீடுகளும் வந்து சேர்ந்ததும் அதை ஒருவழியாக்குவார்கள். நகரப் பகுதியில் ஒருவழியே விரும்பத்தக்கது என்பதுதான் அங்குள்ள வடிவமைப்புக் கையேடுகளின் நிலைப்பாடு. காரணம் பிறைக்கரை ஐயா சொன்ன அந்த இறங்குதடம்.

வடக்கு நோக்கி ஓடும் விரைவுச்சாலையை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். ஆகவே அதன் பக்கச்சாலை மேற்கில், நம் இடக்கைப் பக்கம் இருக்கும். அது இருவழியாக இருந்தால், வடக்கே போகிறவர்கள் வீடுகளின் ஓரத்தையும், தெற்கே வருகிறவர்கள் விரைவுச்சாலையின் ஓரத்தையும் பிடித்துக்கொள்வார்கள். இப்போது விரைவுச்சாலையிலிருந்து ஒரு கார் இறங்குகிறது. அது முதலில் எந்தத் தடத்தில் சக்கரம் வைக்கிறது? தன்னை எதிர்த்து வருகிறவர்களின் தடத்தில். தொண்ணூறு, நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து அப்போதுதான் குறைந்துகொண்டிருக்கும் அந்தக் கார், எதிர்த்தடம் ஒன்றைக் குறுக்கே கடந்துதான் தன் தடத்தை அடைய முடியும். தெற்கே வருகிறவர் வழிவிட வேண்டும் என்று அறிவிப்புப் பலகை வைக்கலாம். டெக்சஸில் பக்கச்சாலையில் போகிறவர், இறங்கி வரும் வண்டிக்கும் ஏறப் போகும் வண்டிக்கும் வழிவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் பலகையைப் பார்க்காத ஒருவருக்கு அங்கே இரண்டாம் வாய்ப்பு கிடைப்பதில்லை.

இதைவிடக் கொடியது இன்னொன்று. அதே தெற்குத் தடத்தில் இரவில் வருகிற, ஊருக்குப் புதியவர் ஒருவருக்கு, இறங்குதடத்தின் வாய் தன் சாலை இலேசாக வளைந்து போவது போலவே தெரியும். அவர் நேராக அதற்குள் நுழைந்துவிட்டால் விரைவுச்சாலையில் எதிர்த்திசையில் ஓடுகிறார். பக்கச்சாலையை விரைவுச்சாலையின் திசையிலேயே ஒருவழியாக்கிவிட்டால், இறங்கி வருகிறவரும் பக்கச்சாலையில் போகிறவரும் ஒரே திசையில் போகிறார்கள். குறுக்கே கடப்பது, ஓடையில் ஓடை கலப்பது போன்ற இணைப்பாக மாறிவிடுகிறது. விரைவுச்சாலையில் போகிறவரின் கண்ணுக்கு இடப்பக்கத்திலிருந்து எதிர்விளக்கு அடிப்பதும் நின்றுவிடும்.

ஆகவே, இறங்குதடம் உள்ள பக்கச்சாலையை ஒருவழியாக்குவது சரியான முடிவு என்பதே என் தொழில்முறைக் கருத்து.

காலை வேன் (புதன், காலை 9.05)

நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். இந்த ஆண்டோடு பதினொன்றாம் ஆண்டு. ஐயா சொன்ன அந்தப் படத்தில் என் வேனையும் வைத்துப் பார்த்தேன். வேனின் கதவு இடப்பக்கம் இருக்கிறது. வடக்கே இருக்கும் தாமானிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தெற்கே வந்தால், நான் விரைவுச்சாலை ஓரத்தில் இருக்கிறேன், பள்ளி என் வலப்பக்கம் இருக்கிறது. அங்கேயே கதவைத் திறந்தால் பிள்ளை இறங்குவது விரைவுச்சாலைக் கம்பியை ஒட்டிய புல் ஓரத்தில்; அங்கிருந்து சாலையைக் கடக்க வேண்டும். நான் அப்படி ஒரு நாளும் செய்ததில்லை. எதிரே வரும் வரிசை விடும்வரை நின்று, வலப்பக்கம் திரும்பி, பள்ளி வாசலுக்குள் போய்த்தான் இறக்குவேன். நான் அப்படி நிற்கும் இரண்டு மூன்று நிமிடங்களில் என் பின்னால் நாற்பது வண்டி சேர்ந்துவிடும்; ஹார்ன் அடிப்பார்கள். பெற்றோர் பலர் அந்த அவசரத்தில் பிள்ளைகளை அந்தப் புல் ஓரத்திலேயே இறக்கிவிட்டுப் போகிறார்கள்.

ஒருவழியானால் எல்லா வண்டியும் பள்ளியின் பக்கம் கதவு திறக்கும். ஒரு பிள்ளைகூடச் சாலையைக் கடக்க வேண்டியதில்லை. எனக்குச் சுற்று கூடும் என்பது தெரியும். பதினைந்து நிமிடம் முன்னதாகப் புறப்படுவேன். அதைப் பொருட்படுத்த மாட்டேன்.

ஆனால் ஓர் அச்சம் உண்டு. இன்று அந்தச் சாலையில் யாரும் வேகமாக ஓட்ட முடிவதில்லை, ஏனெனில் எதிரே வண்டி வருகிறது. இரண்டு தடமும் ஒரே திசையில் ஓடினால் அது நேர்கோடு. பள்ளி வட்டாரத்தில் முப்பது கிலோமீட்டர் என்று பலகை இருக்கிறது. அதை இன்றே யாரும் மதிப்பதில்லை.

வாழையிலை (புதன், மாலை 4.30)

மதிய உணவுக் கூட்டம் கலைந்த பிறகு எழுதுகிறேன். அந்தச் சாலையில்தான் என் உணவகம் இருக்கிறது. தொழில்நுட்பம் தெரிந்த ஐயாவுக்கு மறுப்புச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. ஆனால் என் வாசலில் நின்று பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என்னிடம் மதியம் சாப்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வடக்கே நானூறு மீட்டரில் இருக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு நாற்பத்தைந்து நிமிட இடைவேளை. மோட்டார்சைக்கிளில் இரண்டு நிமிடத்தில் வருகிறார்கள், சாப்பிட்டு இரண்டு நிமிடத்தில் திரும்புகிறார்கள். சாலை வடக்கு நோக்கி ஒருவழியானால் அவர்கள் திரும்பிப் போவது எளிது, வருவதுதான் கடினம். என் கடைக்கு வர அவர்கள் முதலில் எதிர்த்திசையில், வடக்கே போக வேண்டும். ஒரு சோற்றுக்காக யாராவது ஊரைச் சுற்றி வருவார்களா? வர மாட்டார்கள். தொழிற்சாலைக்கு வடக்கே இருக்கும் கடைக்குப் போவார்கள். நான் எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். சாலையில் உயிர் போகக் கூடாது என்பதில் நானும் உங்களோடுதான் நிற்கிறேன். ஆனால் அதற்கான விலையை ஒரு வரிசைக் கடைக்காரர்கள் மட்டும் கொடுக்க வேண்டும் என்றால், அதையாவது வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

பிறைக்கரை (புதன், இரவு 8.50)

வாழையிலை அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு, வீட்டில் உட்கார்ந்து பேசுவதைவிட அளந்துவிடுவது நல்லது என்று காரை எடுத்தேன். நம் பகுதியில் விரைவுச்சாலையைக் கடக்க இரண்டே இடங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் இடைத்தூரம் 2.3 கிலோமீட்டர். தொழிற்சாலை வாசலிலிருந்து புறப்பட்டு, வடக்கு மேம்பாலம் வரை போய், அதன் கீழே திரும்பி, மறுபக்கச் சாலையில் தெற்கே முழுத்தூரமும் வந்து, தெற்கு மேம்பாலத்தில் மீண்டும் திரும்பி, உணவகத்தை அடைந்தால் நாலரை கிலோமீட்டர் காட்டியது. இன்று அது நானூறு மீட்டர். இரு மேம்பாலங்களிலும் சமிக்ஞை விளக்கில் நின்ற நேரத்தையும் சேர்த்துப் பதினான்கு நிமிடம் ஆயிற்று. அதுவும் இரவு எட்டு மணிக்கு.

கோடும் அளவும் (புதன், இரவு 10.20)

ஐயா அளந்து பார்த்ததற்கு நன்றி. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. கடிதத்தில் அதை எழுதினால் பயன்படும். இரு மேம்பாலங்களுக்கு நடுவே, ஒரே பக்கத்தில், வண்டியோட்டத்துக்கு எதிராகப் போக வேண்டிய ஒருவர், எங்கிருந்து புறப்பட்டாலும் மேம்பாலங்களின் இடைத்தூரத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு சுற்றுகிறார். தன் நேர்தூரம் மட்டுமே அதிலிருந்து கழியும். இடைத்தூரம் 800 மீட்டர் என்றால் சுற்று ஒன்றரை கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். மக்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார்கள். 2.3 கிலோமீட்டர் என்றால் ஏற்க மாட்டார்கள், ஏற்கச் சொல்வதும் நியாயமில்லை. ஆகவே ஒருவழியா இருவழியா என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது, கடக்கும் இடங்கள் எத்தனை மீட்டருக்கு ஒன்று என்பதே.

ஹூஸ்டனில் ஒருவழிப் பக்கச்சாலை தாக்குப்பிடிப்பதற்கு ஒரு காரணம், மேம்பாலத்தின் அடியில் சமிக்ஞை விளக்குக்கு முன்பாகவே பிரிந்து, விளக்கில் நிற்காமல் மறுபக்கச் சாலைக்குத் திருப்பிவிடும் தனித்தடம். டெக்சஸ் யூ திருப்பம் என்றே அதற்குப் பெயர். நம் ஊரில் அது வலப்பக்கமாகத் திரும்பும். இது இருந்தால் பிறைக்கரை ஐயாவின் பதினான்கு நிமிடம் ஏழெட்டாகக் குறையும்; தூரம் குறையாது, காத்திருப்புக் குறையும். விளக்கில் நிற்கும் வரிசையும் குறையும். இருவழிச் சாலைகள் இரண்டு குறுக்கிடும் ஒரு நாற்சந்தியில் வண்டிகள் மோத வாய்ப்புள்ள புள்ளிகள் 32 என்பது பாடக்கணக்கு. மேம்பாலத்தின் இருபுறமும் அப்படிப்பட்ட சந்தி ஒன்றுக்கொன்று அருகில் நின்றால், இரண்டுக்கும் நடுவில் பாலத்தடியில் பத்துக் கார் நிற்கக்கூட இடமிருக்காது. அது நிறைந்துவிட்டால் இரண்டு சந்தியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். பக்கச்சாலை ஒருவழியானால் ஒவ்வொரு சந்தியிலும் வண்டி வந்து சேரும் வழி ஒன்று குறைகிறது, விளக்கின் சுற்றும் குறைகிறது.

நம் ஊரில் நான் பார்த்த அளவில், இந்தச் சிக்கலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தாமானையும் ஒவ்வொரு மேம்பாட்டாளர் தனித்தனியாகக் கட்டினார். ஒரு தாமானின் கடைசித் தெரு அடுத்த தாமானின் வேலியில் முட்டி நிற்கிறது. நடுவில் ஒரு சாக்கடை, ஒரு சங்கிலி வேலி. பக்கத்துத் தாமானுக்குப் போக வேண்டும் என்றாலும் பக்கச்சாலைக்கு வந்துதான் போக வேண்டும். அதாவது, அதைப் பக்கச்சாலை என்று அழைக்கிறோமே தவிர, அந்த மூன்று தாமான்களுக்கும் அதுதான் ஒரே தெரு. ஒரே தெருவை ஒருவழியாக்கினால் மக்களுக்கு மாற்று என்ன இருக்கிறது? ஆகவே பக்கச்சாலைக்கு இணையாகப் பின்புறத்தில் அந்த முட்டுத்தெருக்களை ஒரு சிறு பாலத்தாலும் நூறு மீட்டர் தாராலும் இணைத்துவிட்டால், வாழையிலை அண்ணனின் வாடிக்கையாளர்கள் பின்புறமாகவே வந்துவிடலாம். மேம்பாலம் கட்டும் செலவில் அது மிகச் சிறிய பங்கு.

இரவு ஷிப்ட் (வியாழன், காலை 8.10)

வேலை முடிந்து வந்து படித்தேன். அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களில் நானும் ஒருவன், அண்ணன் கடையிலும் சாப்பிடுகிறவன். எனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நாங்கள் நாலரை கிலோமீட்டர் சுற்ற மாட்டோம், வடக்குக் கடைக்கும் போக மாட்டோம். சாலையோரத்தில் எதிர்த்திசையில் ஓட்டிக்கொண்டு வருவோம். இது பெருமையாகச் சொல்வதில்லை. எங்கள் மோட்டார்சைக்கிள் நிறுத்துமிடத்தில் உள்ள இருநூறு பேரில் பாதிப் பேராவது அதைச் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அப்படி நடந்தால், இறங்குதடத்தின் விபத்தைத் தடுக்கப் போய் வேறொரு விபத்தை உண்டாக்குகிறோம். இன்று எதிரே மோட்டார்சைக்கிள் வரும் என்று கார்க்காரருக்குத் தெரியும். ஒருவழியான பிறகு, கடையிலிருந்து வெளியே வருகிற காரின் ஓட்டுநர் வண்டி வருகிற ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்ப்பார். மறுபக்கம் திரும்பியே பார்க்க மாட்டார். நம் நாட்டில் 2019இல் சாலை விபத்துகளில் 6,167 பேர் இறந்தார்கள். அவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார்சைக்கிளில் போனவர்கள். இந்தச் சாலையைத் திட்டமிடுகிறவர்கள் காரை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் மோட்டார்சைக்கிளுக்கென்று தனிப்பாதை 1970களிலேயே போட்டுவிட்டார்கள். ஒருவழியாகும் சாலையின் விளிம்பில், தடுப்பு வைத்துப் பிரித்த, இரு திசையிலும் மோட்டார்சைக்கிளும் சைக்கிளும் போகக்கூடிய ஒரு குறுகிய பாதையைக் கேட்க முடியாதா? ஐயா அவர்கள் சொல்ல வேண்டும்.

கோடும் அளவும் (வியாழன், பிற்பகல் 1.00)

தம்பி சொன்னது இந்த இழையிலேயே மிக முக்கியமான செய்தி. என் முதல் பதிவில் நான் காரை மட்டுமே வைத்துப் படம் வரைந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹூஸ்டனில் மோட்டார்சைக்கிள் அரிது. அங்கே கற்றதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

பிரித்த பாதை முடியும். ஆனால் அது வீடுகளின் ஓரத்தில் ஓடினால் ஒவ்வொரு கடைவாசலிலும் பள்ளிவாசலிலும் குறுக்கீடு வரும். தம்பி பயப்படும் அதே விபத்து அங்கே நடக்கும். விரைவுச்சாலைக் கம்பியின் ஓரத்தில் ஓடினால் வாசல்கள் இல்லை, ஆனால் இறங்குதடத்தையும் ஏறுதடத்தையும் கடக்க வேண்டும். அந்த இரண்டு இடத்தில் மட்டும் கீழே சிறு சுரங்கவழி வேண்டும். கூட்டரசு நெடுஞ்சாலையில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். செலவு கூடும். பின்புறத் தெருக்களை இணைப்பது இதைவிட எளிது, மோட்டார்சைக்கிளுக்கு இரண்டு மீட்டர் அகலப் பாலமே போதும் என்பதால், நான் அதையே முதலில் கேட்பேன்.

பிரிக்பீல்ட்ஸ் நடையன் (வியாழன், மாலை 6.45)

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலை இன்று ஒருவழிச் சாலை. 2010 அக்டோபரில் அங்கே லிட்டில் இந்தியா திறக்கப்பட்டதை ஒட்டிய காலத்தில் கடைக்காரர்கள் பேசியதையும் வாழையிலை அண்ணன் பேசுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரே குரல்தான். பூக்கடையும் துணிக்கடையும் இன்றும் அங்கே இருக்கின்றன, தீபாவளிக்கு முந்திய வாரங்களில் நடக்க இடமிருப்பதில்லை. ஆகவே ஒருவழியானால் கடைகள் அழிந்துவிடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதே நேரம், நடக்கிறவனாக எனக்கு ஒரு குறை உண்டு: தடங்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடும் சாலையில், நடுவில் நின்று மூச்சுவிட இடமில்லை. முன்பு பாதியைக் கடந்து நின்று மறுபாதியைக் கடக்கலாம்.

கோடும் அளவும் (வியாழன், இரவு 9.30)

நடையன் அவர்களின் ஒப்பீட்டில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலும் நம் ஜார்ஜ் டவுனின் பழைய நகரத்திலும் ஒரு தெரு ஒருவழியானால், எதிர்த்திசைக்கு அடுத்த தெரு நூறு, இருநூறு மீட்டருக்குள் இருக்கிறது. அங்கே சுற்று என்பது ஒரு வளைவு. அங்குள்ளவர்கள் நடந்தே வருகிறார்கள், ரயிலிலும் வருகிறார்கள். விரைவுச்சாலை ஓரத்தில் ஒரு பக்கம் கம்பி, மறுபக்கம் முட்டுத்தெரு. நடந்து வருகிறவர் குறைவு. அதனால் பிரிக்பீல்ட்ஸில் கடைகள் தாக்குப்பிடித்ததை வைத்து இங்கே தாக்குப்பிடிக்கும் என்று நான் வாக்குறுதி தர மாட்டேன்.

சிம்பாங் அம்பாட் மகள் (வெள்ளி, காலை 7.20)

என் அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. வாரத்தில் இரண்டு நாள் பேருந்தில் மருத்துவமனைக்குப் போகிறார். எங்கள் பகுதியிலும் பக்கச்சாலை இருவழிதான். போகும் நிறுத்தமும் திரும்பும் நிறுத்தமும் ஒரே சாலையின் இரு ஓரங்களில் இருக்கின்றன. ஒருவழியாகிவிட்டால் திரும்பும் பேருந்து விரைவுச்சாலையின் மறுபக்கத்தில்தான் நிற்கும். அங்கிருந்து வீட்டுக்கு வர நடைமேம்பாலத்தில் ஏற வேண்டும். அம்மாவால் அத்தனை படி ஏற முடியாது. படிக்குப் பதிலாகச் சாய்தளம் அல்லது மின்தூக்கி உள்ள நடைபாலம் வேண்டும் என்பதையும் தயவுசெய்து உங்கள் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பேருந்தில் போகிறவர்கள் இத்தகைய கூட்டங்களுக்கு வருவதில்லை. பேருந்தில் வந்தால் கூட்டம் முடிந்து திரும்ப முடியாது.

வாழையிலை (வெள்ளி, மாலை 5.00)

ஐயா, தம்பி, அம்மா எல்லாரும் எழுதியதை என் பணியாளர்களுக்கும் படித்துக் காட்டினேன். பின்புறத் தெருவை இணைத்துக் கொடுத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அனுபவத்தில் ஒன்று தெரியும்: பலகை மாற்ற ஒரே இரவு போதும், பாலம் கட்ட ஆண்டுகள் ஆகும். முதலில் ஒருவழியாக்குவோம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று சொன்னால் நான் எதிர்த்தே கையெழுத்திடுவேன். அது என் கடைக்காக மட்டுமில்லை. தம்பி சொன்ன அந்த எதிர்த்திசை ஓட்டம் அந்த இடைக்காலத்தில்தான் நடக்கும்.

கோடும் அளவும் (வெள்ளி, இரவு 10.05)

அண்ணன் சொன்ன கால இடைவெளிக்குக் காரணம் அலட்சியம் மட்டுமில்லை. இந்தச் சாலைகளுக்கு ஒரே உரிமையாளர் இல்லை. விரைவுச்சாலையும் அதன் ஒதுக்குநிலமும் மலேசிய நெடுஞ்சாலை வாரியத்தின் கண்காணிப்பில், அரசிடம் உரிமை பெற்று அதை நடத்தும் சலுகை நிறுவனத்தின் கையில் இருக்கும். கூட்டரசுச் சாலை என்றால் பொதுப்பணித் துறை. தாமான் தெருக்கள் மாநகர் மன்றம். பக்கச்சாலையின் பலகையை ஒருவர் மாற்றலாம், ஆனால் பாலத்தடியில் யூ திருப்பத் தடம் போட வேறொருவரின் நிலத்தில் அனுமதி பெற வேண்டும். எனவே கடிதத்தை மூன்று இடங்களுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒருவருக்கு அனுப்பியதை மற்றவரும் அறியும்படி மேலே குறிப்பிடுங்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். நம் செபராங் பிறை தாழ்ந்த நிலம். கடல் ஏற்றத்தோடு கனமழையும் சேரும் நாளில் பாலத்தடி முதலில் நிறையும். ஒருவழி வட்டத்தில் ஒரு திருப்பம் நீரில் மூழ்கினால் வட்டமே அறுந்துவிடும்; அப்போது ஆம்புலன்ஸ் எந்த வழியில் வரும் என்பதற்கு எழுத்தில் விடை கேளுங்கள். அடுத்தது, ஜூரு டோல் சாவடிக்கும் சுங்கை டுவா டோல் சாவடிக்கும் இடையில் விரைவுச்சாலையில் கட்டணம் இல்லை. அதனால்தான் அடுத்த தாமானுக்குப் போகிறவர்கூட அதில் ஏறி இறங்குகிறார். அந்தப் பகுதி நெரிசலுக்குப் பேர்போனதற்கு அது ஒரு காரணம். பக்கச்சாலையில் சுற்று கூடினால் இந்தப் பழக்கமும் கூடும். ஒருவழியாக்கியதால் விரைவுச்சாலையில் எத்தனை வண்டி கூடும் என்ற கணக்கையும் போக்குவரத்து ஆய்வில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

பிறைக்கரை (சனி, காலை 11.30)

எல்லாருக்கும் நன்றி. கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். திட்டத்தை அப்படியே ஏற்கிறோம் என்றோ முழுவதும் எதிர்க்கிறோம் என்றோ அதில் எழுதவில்லை. இறங்குதடம் சேரும் இடத்திலுள்ள ஆபத்தை ஏற்று, ஒருவழியே அதற்குத் தீர்வு என்று சொல்லிவிட்டு, பலகை மாறும் நாளுக்கு முன்பாக முடிந்திருக்க வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறேன். முட்டுத்தெரு இணைப்பு முதலில். பாலத்தடித் தனித்தடம், பள்ளிக்கு முன் நடந்து கடப்பதற்கு உயர்த்திய கடவை, சாய்தள நடைபாலம் ஆகியவை அடுத்து. அதுவரை இறங்குதடத்தின் வாயில் வேகத்தடையும் ஒளிரும் அம்புக்குறியும் வைக்க வேண்டும் என்று தனியாகக் கேட்கிறேன். அந்த வேலைக்கு யாருடைய நிலமும் தேவையில்லை, அடுத்த மாதமே செய்யலாம்.

எண்ணிக்கை இல்லாத கடிதத்தை யாரும் மதிப்பதில்லை என்று சங்கச் செயலாளர் சொல்கிறார். பள்ளி நாளில், இரு திசையிலும், அரைமணிக்கு எத்தனை கார், எத்தனை மோட்டார்சைக்கிள், எத்தனை லாரி என்று எண்ண வேண்டும். ஒருவரால் முடியாத வேலை.

காலை வேன் (சனி, பிற்பகல் 2.15)

செவ்வாய்க்கிழமை காலை 6.30 முதல் 7.00 வரை பள்ளிவாசலை நான் எண்ணுகிறேன். என் இரண்டாம் நடைக்கு முன் அந்த அரைமணி எனக்கு ஓய்வு. ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும்போது தொழிற்சாலை வாசலைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும். இறங்குதடத்தின் வாயில் நிற்க மட்டும் பெரியவர் ஒருவர் வேண்டும். கம்பிக்கு வெளியே, வண்டி வராத பக்கத்தில் நிற்க வேண்டும், ஒளிரும் மேலங்கி போட்டுக்கொள்ள வேண்டும். என்னிடம் இரண்டு மேலங்கி இருக்கின்றன, கொண்டு வருகிறேன்.